ஆலையும் சுரங்கமும் கெடுத்த ஓடைக்குச் சால்மனைத் திரும்ப வரவைப்பது எப்படி?

பெண் சால்மன் முட்டையிடக் குழி தோண்டுவதைக் கரையில் அசையாமல் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தால், இந்த வேலையில் பாதி புரிந்துவிடும். அது ஒருக்களித்துப் படுத்து வாலைப் படபடவென்று அடிக்கும். வால்தான் கல்லைத் தள்ளுகிறது என்று தோன்றும். பெரும்பாலும் அந்த அடியில் எழும் நீரின் இழுப்புதான் கல்லைக் கிளப்புகிறது. கிளம்பிய கல்லை ஓட்டம் கொஞ்சம் கீழே கொண்டுபோய்ப் போடும். கூடவே புகை மாதிரி சேறு எழுந்து கரைந்து போகும். அந்தச் சேறு வெளியேறுவது முக்கியம். முட்டையிட்டு, ஆண் மீன் விந்தைப் பாய்ச்சியதும், பெண் மீன் சற்று மேலே நகர்ந்து அடுத்த குழியைத் தோண்டும். அதிலிருந்து வரும் கற்கள் முதல் குழியை மூடிவிடும். ஆயிரக்கணக்கான முட்டைகள் குளிர்காலம் முழுக்க அந்தக் கற்களுக்கு அடியிலேயே கிடக்கும். கல்லிடுக்கில் கசிந்து ஓடும் குளிர்ந்த தண்ணீர்தான் அவற்றுக்கு மூச்சு.

சால்மன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைக்குத் திரும்பும் மீன். ஆக, கடலிலிருந்து ஏறி வர வழி வேண்டும். மீன் புரட்டக்கூடிய அளவில் கல் வேண்டும். விஷமும் சேறும் இல்லாத குளிர்ந்த நீர் வேண்டும். பிறந்த குஞ்சு வெள்ளத்தில் அடித்துப் போகாமல் ஒதுங்க மடு வேண்டும். தொழில் நடந்த ஓடைகளில் இவற்றில் ஒன்றாவது போயிருக்கும்; பலவற்றில் நான்கும் போயிருக்கும்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தை, அதாவது பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன் பக்கத்து ஓடைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அட்லாண்டிக் சால்மன் ஓடைகளுக்கும் கீழே சொல்லும் இதே வேலை வரிசைதான். அந்த வரிசையை மாற்றிச் செய்ததால் வீணான பணத்தையும் உழைப்பையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இந்தக் கட்டுரையில் அதைப் பற்றியே கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன்.

ஓடைக்கு என்ன செய்தார்கள்?

மண்வெட்டியைத் தொடும் முன் ஓடையின் பழைய கதையைத் தோண்டுங்கள். பழைய நில அளவை வரைபடங்கள், வான்வழிப் படங்கள், ஆலை அல்லது சுரங்கத்தின் உரிமப் பதிவுகள், ஊர்ப் பெரியவர்களின் ஞாபகம், எல்லாம் உதவும். அந்த ஓடையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த பூர்வகுடி மக்களிடம் முதலிலேயே போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மடுவில் எந்த மாதத்தில் எந்த இனம் நின்றது என்பது அவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் சீரமைப்பை முன்நின்று நடத்துவதும் அவர்கள்தான்.

நீங்கள் தேட வேண்டிய தடயங்கள் தொழிலுக்குத் தொழில் வேறுபடும். மரம் வெட்டிய இடங்களில் 1950-கள் வரைகூட, ஓடைக்குக் குறுக்கே மரத்தால் தற்காலிக அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, மொத்தமாகத் திறந்துவிட்டுத் தடிகளைக் கீழே அனுப்பினார்கள். வழியில் நின்ற பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்படிப்பட்ட ஓடையில் இன்றைக்கும் சரளையே இருக்காது. வழுவழுப்பான அடிப்பாறை மேல் தண்ணீர் சறுக்கிக்கொண்டு போகும். தங்கம் தேடிய இடங்களில் நேர் எதிர்: எங்கு பார்த்தாலும் கல். ஐடஹோவில் யாங்கி ஃபோர்க் என்ற ஆற்றில் 1940 முதல் 1952 வரை ஒரு மிதக்கும் தூர்வாரி பள்ளத்தாக்கின் தரையையே புரட்டிப் போட்டது. அது விட்டுச்சென்ற கல்மேடுகள் இன்னும் கரை நெடுகக் கிடக்கின்றன. ஆறு அவற்றுக்கு நடுவே வாய்க்கால் போல ஒடுங்கிப் போயிற்று.

மூன்றாவது தடயம் கொஞ்சம் வெட்கக்கேடானது. 1950-கள் முதல் 1970-கள் வரை, ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்கள் மீனைத் தடுக்கின்றன என்று நினைத்து, மீன் நலனுக்காகவே அவற்றை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். அந்த மரங்கள்தான் சரளையைப் பிடித்து வைத்திருந்தன, மடுக்களை உண்டாக்கின என்பது பிறகுதான் உறைத்தது. உங்கள் ஓடை சந்தேகப்படும்படி சுத்தமாக இருந்தால் இதையும் யோசியுங்கள்.

ஒரு வருடம் அளவெடுங்கள்

ஒரு வருடமா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆகஸ்டில் கணுக்காலளவு ஓடும் தண்ணீரும் டிசம்பரில் கரை புரளும் தண்ணீரும் ஒரே ஓடை என்று நம்பவே முடியாது. இரண்டையும் பார்க்காமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

வெப்பத்துக்கு, நீருக்குள் நிழலான இடத்தில் மணிக்கொரு முறை பதியும் சிறு கருவிகளைக் கட்டி வையுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003-ல் பசிபிக் வடமேற்குப் பகுதிக்குச் சொன்ன அளவுகள்: முட்டையிடும் காலத்தில் 13 டிகிரி செல்சியஸ், குஞ்சுகள் அதிகம் வளரும் முக்கிய இடங்களில் 16, மற்ற வளர்ப்பு, வலசைப் பகுதிகளில் 18. தினசரி உச்ச வெப்பத்தின் ஏழு நாள் சராசரி இவற்றைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு நாள் மத்தியானம் வெப்பமானியை முக்கிப் பார்த்து முடிவுக்கு வருவது ஏமாற்றும்.

கல்லுக்கு, நூறு கல் எண்ணும் முறை போதும். ஓடைக்குக் குறுக்கே குறுக்காக நடந்து, ஒவ்வோர் அடிக்கும் வேறெங்கோ பார்த்தபடி குனிந்து, விரல் முதலில் தொட்ட கல்லை எடுக்க வேண்டும். கல்லுக்கு நீளம், அகலம், கனம் என்று மூன்று அளவு உண்டு. நடு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கண் பார்த்து எடுத்தால் அழகான கல்லாகவே வரும், அதனால்தான் பார்க்காமல் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு சால்மன் தன் உடல் நீளத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு வரை நடுஅளவு உள்ள சரளையைப் புரட்டும். 70 செ.மீ. மீனுக்கு 7 செ.மீ. என்று கணக்குப் போடலாம். அதைவிடப் பெரிய கல்லாகவே ஓடை முழுக்க இருந்தால் அந்த மீனுக்கு அது சிமெண்டுத் தரைதான்.

பொடிமண்ணையும் பாருங்கள். 0.85 மி.மீ.க்கும் குறைவான பொடி, சரளையில் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை, 17-ஐத் தாண்டினால் மோசம் என்று வாஷிங்டன் மாநிலத்தில் தரம் பிரிக்கிறார்கள். அதற்குமேல் போனால் முட்டைக்கு மூச்சு முட்டும். பொரித்த குஞ்சும் மேலே வர வழி இல்லாமல் அடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் கரை நிரம்பி ஓடும்போது உள்ள அகலம். வெயில் காலத்தில்கூடக் கரையில் பாசியும் செடியும் தொடங்கும் கோட்டை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு எண் பின்னால் எல்லாவற்றுக்கும் தேவைப்படும். பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

முதல் வேலை விஷம்

தண்ணீர் கெட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண். இதற்கு வான்கூவர் தீவில் உள்ள சோலம் ஆற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அது தொடங்கும் மேல்பகுதியில், மவுண்ட் வாஷிங்டன் மலையில், 1964 முதல் 1967 வரை ஒரு செம்புச் சுரங்கம் நடந்தது. மூன்றே வருடம். விட்டுப்போன பாறைக் கழிவில் கந்தகம் இருந்தது. காற்றும் மழையும் பட்டால் அது அமிலமாகி, பாறையிலுள்ள செம்பைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். பல பத்தாண்டுகள் சால்மன் ஏறக்குறைய அற்றுப்போனது. 2003-ல் மாசுநீரைச் சதுப்புநிலம் ஒன்றின் வழியாகத் திருப்பிவிட்டார்கள். 2009, 2010-ல் சுரங்கப் பள்ளத்தின்மேல் நீர்புகாத விரிப்பைப் போர்த்தி, அதன்மேல் மண் போட்டு மூடினார்கள். அதன்பின் பிங்க் சால்மன் ஆயிரக்கணக்கில் திரும்பின. கீழே ஆற்றில் எத்தனை லாரி சரளை கொட்டியிருந்தாலும் இது நடந்திருக்காது.

செம்பு இவ்வளவு பொல்லாதது ஏன் என்றால், மீனைக் கொல்லும் அளவுக்கு வெகு முன்பே அதன் மோப்பத்தைக் கெடுத்துவிடுகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே கோஹோ என்ற சால்மன் இனத்தின் குஞ்சுகளுக்கு மோப்பம் மந்தமாகிறது. பிறந்த ஓடையை மோப்பத்தால் தேடி வரும் மீனுக்கு, எதிரியின் வாசனையை வைத்துப் பதுங்கும் குஞ்சுக்கு, இது குருட்டுத்தனம் மாதிரி.

பழைய ஆலை இருந்த இடத்தில் மண்ணைக் கிளறும் முன் வண்டலையும் கரை மண்ணையும் ஆய்வகத்தில் சோதியுங்கள். தங்கச் சுரங்கப் பகுதிகளில் பாதரசம் இருக்கலாம். பழைய ஆலை வளாகங்களில் ஆர்சனிக், ஈயம், எண்ணெய்க் கழிவு இருக்கலாம். அடியில் தூங்கும் நஞ்சை எழுப்பிவிட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

நகரத்து ஓடையானால் இன்னொரு விஷயம். மழைக்காலத்தில் முட்டையிட வந்த கோஹோ மீன்கள் சில மணிநேரத்தில் துடித்துச் சாவதற்கான காரணம் 2020 டிசம்பரில் வெளியானது: டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து உருவாகும் 6பிபிடி-குயினோன். அதே தண்ணீரில் சம் சால்மன் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. சாலைநீரை நேரே ஓடையில் விடாமல், மணலும் மட்கிய உரமும் கலந்த மண் படுகை வழியாக வடிய விட்டால் கோஹோ பிழைப்பதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். கரையோரச் சாலை வடிகால்களைக் கண்டுபிடித்து இப்படித் திருப்புவது உள்ளூர்க் குழுக்களால் ஆகக்கூடிய வேலை.

வழியைத் திறப்பது

செலவிட்ட பணத்துக்கு விரைவில் பலன் தருவது இதுதான். முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு தடையையும் குறித்துக்கொண்டே போங்கள். கீழே ஒரு தடையை விட்டுவிட்டு மேலே இருப்பதைத் திறப்பது, வாசல் கதவைப் பூட்டிவிட்டு உள்ளறையை விரியத் திறந்து வைப்பது.

பெரிய அணை உங்கள் கையில் இல்லை. ஆனால் அணை போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. வாஷிங்டனில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளையும் 2011 முதல் 2014 வரை அகற்றினார்கள். ஓரிகனிலும் கலிபோர்னியாவிலும் ஓடும் கிளமத் ஆற்றின் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024-ல் முடிந்தது. சில வாரங்களிலேயே, அக்டோபரில், ஓரிகன் பக்கத்துக் கிளையோடையில் சினூக் சால்மன் தென்பட்டது. 1912-க்குப் பிறகு அங்கு அதுதான் முதல் முறை.

உங்கள் ஓடையில் பெரும்பாலும் இருக்கப்போவது சாலைக்கு அடியில் போகும் குழாய். குழாயின் வெளிவாயில் தண்ணீர் 24 செ.மீ.க்கு மேல் குதித்து விழுந்தால், அல்லது குழாயின் சரிவு ஒரு சதவீதத்தைத் தாண்டினால், மீனுக்குத் தடை என்று வாஷிங்டன் மாநில வனவிலங்குத் துறை கணக்கெடுப்பில் சந்தேகப்படுகிறார்கள். பெரிய மீன் எகிறிக் குதித்துவிடும், சரி. விரல் நீளக் குஞ்சு எப்படி ஏறும்? கோஹோ குஞ்சு ஒரு வருடத்துக்கு மேல் ஓடையில் வாழ்ந்து, மேலும் கீழுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

மாற்றும்போது, கரை நிரம்பிய அகலத்தின் 1.2 மடங்கோடு இன்னும் 60 செ.மீ. சேர்த்த அகலம் வேண்டும் என்பது அங்குள்ள விதி. குழாயின் அடிப்பகுதியையும் புதைத்து, உள்ளேயும் ஓடையின் கல்லே தரையாக இருக்கும்படி செய்வார்கள். மீன் உள்ளே போகும்போது சாலைக்கு அடியில் போகிறோம் என்று அதற்குத் தெரியவே கூடாது. இடமிருந்தால் பாலமே போட்டுவிடுங்கள், குழாயே வேண்டாம் என்பது என் கட்சி. பழங்குடிகளின் மீன்பிடி உரிமை வழக்கில் 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 என்று பிரிந்ததால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. அதன்படி நூற்றுக்கணக்கான சாலைக் குழாய்களை வாஷிங்டன் மாநிலம் மாற்றித் தீர வேண்டியிருக்கிறது.

மண்வாரி இறங்கும் முன்

அனுமதி இல்லாமல் ஓடைக்குள் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். அமெரிக்காவில் ராணுவப் பொறியியல் பிரிவு, தேசிய கடல் மீன்வளத் துறை, மாநிலத் துறைகள். கனடாவில் மத்திய மீன்வளத் துறை. விண்ணப்பம் இழுத்தடிக்கும், அதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்குள் இறங்கிச் செய்யும் வேலைக்கு, பெரும்பாலும் கோடையில், சில வாரங்கள் மட்டுமே ஒதுக்குவார்கள். முட்டையோ ஏறிவரும் மீனோ இல்லாத காலம் அது.

வேலை நடக்கும் பகுதியை மேலும் கீழும் வலை கட்டி அடைத்து, உள்ளே இருக்கும் மீன்களை உரிமம் உள்ளவர்கள் பிடித்துக் குளிர்ந்த நீர் நிரப்பிய வாளிகளில் வெளியே கொண்டுபோக வேண்டும். பிறகுதான் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுற்றி அனுப்பிவிட்டுத் தோண்டலாம்.

இடம் கொடுங்கள், மரம் கொடுங்கள்

தொழில்கள் ஓடையை நேராக்கி, ஒடுக்கி, கரை கட்டின. நேரான ஓடையில் வெள்ளம் வந்தால் சக்தி முழுக்கத் தரையைத்தான் அரிக்கும். தரை ஆழமாக ஆக, பக்கத்துத் தாழ்நிலத்துக்குத் தண்ணீர் ஏறுவதே நின்றுவிடும். அங்கேதான் கோஹோ குஞ்சுகள் குளிர்கால வெள்ளத்துக்கு ஒதுங்கும்.

அதனால் முடிந்த இடத்தில் கரைமேட்டை வெட்டுங்கள், கல்மேட்டைத் தள்ளிப் பழைய பள்ளங்களை நிரப்புங்கள், பக்கவாய்க்கால்களைத் திறந்துவிடுங்கள். ஓரிகனில் சில பள்ளத்தாக்குகளில் ஒரே வாய்க்காலாக இருந்ததை நிரப்பிவிட்டு, தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் பல கிளைகளாகப் பிரிந்து பரவட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். குஞ்சுகளுக்கு அந்த அலங்கோலம் பிடிக்கும். ஆழமாக அரித்துப்போன சின்ன ஓடையானால் மரத்தைக் கொறித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்குகளைக் கூட்டாளியாக்கலாம். மரக்கழிகளை ஊன்றி, வில்லோ மரத்தின் கிளைகளை இடையில் பின்னி, பீவர் அணை போலச் செய்து வைப்பது ஓரிகனின் பிரிட்ஜ் கிரீக்கில் நல்ல பலன் தந்தது. மிச்சத்தைப் பீவர்களே பார்த்துக்கொண்டன.

மரம் போடுவதில் அளவு முக்கியம். வேர்க்கட்டையோடு பெயர்த்த மரமானால் கரை நிரம்பிய அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம், வேர் இல்லாத தடியானால் இரண்டு மடங்கு என்பது ஓரிகனில் கடைப்பிடிக்கும் கணக்கு. அந்த நீளம் இருந்தால் மரம் கரையிலோ கரை மரங்களுக்கு இடையிலோ சிக்கித் தானே நிற்கும். ஒற்றை மரத்தை விட, நாலைந்து மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் குவியல் நல்லது. கீழே பாலமோ வீடோ இருந்தால் மட்டும் பொறியாளரை வைத்து ஊன்றிக் கட்டுங்கள்.

வெள்ளம் அந்தக் குவியலில் மோதி அடியில் சுழன்று தோண்டும், அங்கே மடு உருவாகும். பின்னால் வேகம் குறையும் இடத்தில் சரளை படியும். ஒரே குவியல் இரண்டு வேலையும் பார்க்கும்.

சரளை கடைசியில்

நான் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் ஓடையில் எங்கள் குழு இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தது. பழைய மர ஆலைக்காக நேராக்கிய வாய்க்கால் அது. கழுவிச் சலித்த அருமையான சரளையைக் கொட்டி, வாளியும் கையுமாக நாங்களே பரப்பினோம். புகைப்படமெல்லாம் எடுத்தோம். முதல் பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் பழையபடி வெறும் களிமண் தரை. சரளை முழுக்க அரை கிலோமீட்டர் கீழே ஒரு பாலத்தின் தூணில் சாய்ந்து கிடந்தது. பிடித்து வைக்க மரம் இல்லை, வளைவு இல்லை. அது எப்படி நிற்கும்?

மரமும் வளைவும் வந்தபின், மேலிருந்து கல் வந்துகொண்டிருந்தால் வாங்கிக் கொட்டவே வேண்டாம். மேலே அணை இருந்தாலோ தரை பாறைவரை அரித்துப் போயிருந்தாலோதான் கொட்ட வேண்டியிருக்கும். சுவீடனின் விண்டல் ஆற்றில் 1976 வரை மரத்தடி மிதக்க விட்டார்கள். அதற்காக அப்புறப்படுத்திய பாறைகளைத் திரும்ப ஆற்றில் போட்ட பிறகும் சில கிளைகளில் பெரும்பாறைகளும் மரங்களும் முட்டையிடும் சரளையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. நொறுக்கிய ஜல்லி வேண்டாம். கூர்முனை இல்லாத உருண்டைக் கல்லாக, பல அளவும் கலந்து இருக்கட்டும்.

கரையோரம்

வேலை முடிந்த முதல் குளிர்காலத்திலேயே நடுங்கள். வில்லோவுக்குப் போத்து போதும்: இலையுதிர்ந்த பருவத்தில் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆல்டர் வேகமாக வளர்ந்து நிழல் தரும், ஆனால் விழுந்தால் சீக்கிரம் மக்கிவிடும். சீடாரும் சிட்கா ஸ்ப்ரூஸும் மெதுவாக வளரும். உங்கள் பேரக்குழந்தைகள் காலத்தில் அவை ஓடையில் விழும்போது பல பத்தாண்டுகள் தாங்கும். இரண்டையும் கலந்து வையுங்கள்.

நடுவதைவிடக் களையெடுப்பதுதான் பெரிய வேலை. ஹிமாலயன் பிளாக்பெர்ரி முட்புதரும் ரீட் கேனரி புல்லும் இரண்டு கோடையில் கன்றுகளை விழுங்கிவிடும். குறைந்தது மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் நடவே நடாதீர்கள்.

எண்ணுவது

உடனே குஞ்சு வாங்கி விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கத்து ஓடைகளில் சால்மன் இருந்தால் பொறுங்கள். எல்லா மீனும் பிறந்த ஓடைக்கே திரும்புவதில்லை. வழிதவறி வரும் சிலவே புது ஓடையில் குடியேறும். பொரிப்பகக் குஞ்சுகளை விட்டுவிட்டால், ஓடை சரியானதால் மீன் வந்ததா, நீங்கள் விட்டதால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. பிங்க் சால்மனுக்கு இரண்டு வருடச் சுழற்சி, கோஹோவுக்குப் பெரும்பாலும் மூன்று. ஆகையால் ஒரு வருடம் வெறிச்சோடிக் கிடந்தால் பதற வேண்டாம். குறைந்தது மூன்று சுழற்சியாவது, கூடவே கைவைக்காத இன்னொரு ஓடையையும் சேர்த்து எண்ணுங்கள். கடலில் நல்ல வருடமாக இருந்தால் அந்த ஓடையிலும் மீன் கூடியிருக்கும், அப்போது பெருமை உங்களுடையது இல்லை.

எண்ணும் முறை எளிது. முட்டையிடும் பருவத்தில் வாரம் ஒருமுறை, கூசல் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கரையோரமாக நடங்கள். சுற்றிலும் பாசி படிந்த கருங்கற்களுக்கு நடுவே ஒரு பாய் அளவுக்குத் துடைத்துவிட்ட மாதிரி வெளிறிய இடம் தெரியும். மேல்பக்கம் சிறு பள்ளம், கீழ்ப்பக்கம் மேடு. அதுதான் முட்டைக்குழி. நேர் மேலே உள்ள கிளையில் நாடா கட்டி, தேதியும் கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதும் எழுதுங்கள், அடுத்த வாரம் அதையே திரும்ப எண்ணாமல் இருக்க. கூட வருபவர்களிடமும் நாய் கூட்டி வருபவர்களிடமும் அந்த நாடாவைக் காட்டிச் சொல்லி வையுங்கள்: வசந்தத்தில் குஞ்சுகள் சரளையை விட்டு மேலே வரும்வரை, அதற்குக் கீழே யாரும் ஓடையில் கால் வைக்கக் கூடாது.